முள்ளிப்பட்டு மாமனாருக்கு ஒயர் இழுத்த கதை

கேபிள் டி.வி. தொழிலில் இருப்பவன் ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நுழையலாம். ஆனால் நுழைந்தவனை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள், படம் வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஸ்டூல் போடுவார்கள். அதுவும் ஏறி நிற்கத்தான், உட்கார இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் கண்ட்ரோல் ரூம் வைத்து, முள்ளிப்பட்டு வரைக்கும் ஒயர் இழுத்திருந்தேன். மற்ற சேனல்கள் போக எங்கள் லோக்கல் சேனலில் தினமும் இரண்டு படம், ஜனங்கள் போன் பண்ணிக் கேட்கிற படமாகப் பார்த்துப் போடுவோம். இந்த லட்சணத்தில் முள்ளிப்பட்டு ஏகாம்பரத்தின் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். ஏகாம்பரம் பட்டுத் தறி முதலாளி. அவர் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் பாவு நூல் கொடுத்துப் பட்டு நெய்து வாங்குவார். எனக்கு ஒரு பேர் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது, ஒயர்காரன் என்பார்.

பெண் வீட்டாரை அசத்தப் போய் அசடு வழிந்தவர்கள் எல்லாம் கொஞ்சம் கிட்டே வாருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி. மற்றவர்கள் படித்தால் சிரிப்பீர்கள், சிரித்துவிட்டுப் போங்கள்.

உமா போட்ட கண்டிஷன்

உமா டைப்ரைட்டிங் ஹையர் படிக்க ஆரணிக்கு பஸ்ஸில் வருவாள். அந்த இன்ஸ்டிட்யூட் மாடியில்தான் என் கண்ட்ரோல் ரூம். கரண்ட் போனால் எனக்கு மேலே வேலை இருக்காது, கீழே வந்து நிற்பேன். அவளும் புழுக்கம் தாங்காமல் வெளியே வந்து நிற்பாள். அந்தக் காலத்தில் கரண்ட் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, போக வைத்த புண்ணியவான்கள் நல்லா இருக்கட்டும்.

ஒரு நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வெட்கப்பட்டு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. கையிலிருந்த பேப்பரை விசிறிக்கொண்டே சொன்னாள்:

“எனக்கு சம்மதம்தாங்க. ஆனா ஓடிப்போறது, ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போறது, அதெல்லாம் நம்மால ஆவாது. எங்க நைனா வாயால சரின்னு சொல்ல வைங்க. சொல்லலன்னா போளூரோ வந்தவாசியோ, அவரு காட்ற ஆளுக்கு கழுத்த நீட்டிட்டு போயிகினே இருப்பேன். அப்புறம் கோவத்துல எங்க ஊட்டு ஒயர அறுக்கக் கூடாது, இப்பவே சொல்ட்டேன்!”

அள்ளி ஊற்றிய சிக்னல்

மாமனாரை மயக்க முதலில் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். மளிகைக்கடைக்காரனாக இருந்தால் நல்ல பருப்பாகப் பார்த்துக் கொடுத்திருப்பேன். என்னிடம் இருப்பது சிக்னல். ஒயர் தூரம் போகப் போகப் படம் மங்கும், அதைத் தூக்கிவிட நடுநடுவே ஆம்ப்ளிஃபயர் வைப்போம். ஏகாம்பரம் வீட்டு வாசல் கம்பத்திலேயே புத்தம் புதுசாக ஒரு ஆம்ப் மாட்டினேன். முள்ளிப்பட்டிலேயே அவர் வீட்டில்தான் படம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

மறுநாளே கம்ப்ளெயின்ட். தெருக்கோடியில் இட்லி சுட்டு விற்கும் பாப்பம்மா வீட்டில் படம் பளிச்சென்று இருக்கிறது, முதலாளி வீட்டில் மட்டும் கோடு கோடாகக் கிழிகிறது. நான் ஓடிப்போய், சிக்னல் பத்தவில்லை போலிருக்கிறது என்று என் லைன்மேன் கஜாவைக் கம்பத்தில் ஏற்றி, ஆம்ப்பை இன்னும் கொஞ்சம் திருகச் சொன்னேன். திருகத் திருகச் செய்தி வாசிக்கிற அம்மாவின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனதாம். ஏகாம்பரம் எழுந்து, பாப்பம்மா வீட்டுக்குச் செய்தி கேட்கப் போய்விட்டார். கஜா கம்பத்திலிருந்து இறங்கி என்னைத் தனியாகக் கூட்டிப்போனான்.

“அண்ணே, இது தொழில்ணே. மாமனார்னு பாசத்த அள்ளி ஊத்தினா பிக்சர் இப்டித்தான் கிழியும். எல்லா ஊட்டுக்கும் குடுக்கறதையே இவருக்கும் குடுங்க, போதும்!”

தறி நின்ற ஐந்து நிமிடம்

அந்த வருஷம் ஒரு காமெடிப் படம் வந்தது. பேர் வேண்டாம், எடுத்தவர்களே மறந்திருப்பார்கள். காதலியின் அப்பாவை மயக்க, ஹீரோ அவர் வீட்டிலேயே போய்த் தங்குவான். தனக்குத் தெரியாத வேலையே கிடையாது என்று அளப்பான். மாமனாரின் ஜரிகை வேட்டிக்கு இஸ்திரி போடுகிறேன் பேர்வழி என்று நட்டநடுவில் ஓட்டை போட்டுவிட்டு, அதை மறைக்க வீடு முழுக்க ஓடுவான். அந்த இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு வசனமே கிடையாது. எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கும் பிடித்தது, தினமும் அதையே கேட்டார்கள். போட்டேன்.

முள்ளிப்பட்டில் டி.வி. கூடத்தில் இருக்கும், தறி பக்கத்து அறையில் இருக்கும். நெய்கிறவர்கள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், கேட்பார்கள். கை தறியில், காது வசனத்தில். இந்த இஸ்திரி சீன் வந்ததும் வசனம் நின்றுபோகும், கூடத்தில் இருப்பவர்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தறிக்குழியில் இருப்பவர்களுக்கு இருப்புக்கொள்ளுமா? எழுந்து வந்துவிடுவார்கள். தெரு முழுக்க ஒரே சேனல் ஆனதால் தெரு முழுக்கத் தறி ஒரே நேரத்தில் நிற்கும். டக்டக் என்று இரைந்துகொண்டே இருக்கிற தெரு திடீரென்று கப்சிப் ஆனதும், அந்தப் பக்கம் வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி, யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டாராம்.

நான் குஷியாக இருந்தேன். ஏகாம்பரமும் படத்தைப் பார்ப்பார், அந்த மாமனார் கடைசியில் இளகுவதைப் பார்த்து இவரும் இளகுவார் என்று கணக்கு. நினைத்த மாதிரியே ஒரு நாள் என் கண்ட்ரோல் ரூம் படியேறி வந்தார். ஓடிப்போய் பாதாம் பால் வாங்கி வந்து நீட்டினேன். அதைத் தொடக்கூட இல்லை.

“யோவ் ஒயர்காரா, ஆவணில முகூர்த்தம் மேல முகூர்த்தம். பொடவ எங்கன்னு கடைக்காரன் என் உயிர எடுத்துகினு கீறான். நீ அந்தப் படத்தப் போட்டா மொத்தத் தெருவும் எழுந்து நின்னு பல்லக் காட்டிகினு கீது. மரியாதையா ஒரு அறுவப் படமா பாத்துப் போடு. எவனும் தறிய உட்டு எழுந்து வரக்கூடாது, அவ்ளோதான்!”

அறுவைப் படம் வந்தது

மாமனார் வாய் திறந்து என்னிடம் கேட்ட முதல் உதவி. விடுவேனா? அலமாரியில் இருந்த கேசட் அத்தனையும் கீழே இறக்கினேன். முதல் சீனிலேயே தாயார் படுக்கையில் விழுந்து, கடைசி சீன் வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கிற ஒரு குடும்பப் படம் கிடைத்தது. வசனத்துக்குப் பஞ்சமே இல்லை. தறியில் நாடா ஓட ஓடக் காதால் கேட்கலாம், எழுந்து வந்து பார்க்க ஒன்றுமே இல்லை. நானே பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன்.

போன் சத்தத்தில்தான் எழுந்தேன். ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. நெய்துகொண்டிருக்கிற பட்டில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் திட்டுத்திட்டாகிவிடும். கண் கலங்கினால் அந்த நிமிஷமே தறியை விட்டு எழுந்துவிட வேண்டும். முள்ளிப்பட்டுப் பெண்களுக்குத் தாயார் படுக்கையில் விழுந்த உடனேயே கண் கலங்கிவிட்டது. எழுந்து, முகம் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் படத்தில் மருமகள் வேறு வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். மறுபடி குழாயடி. போனில் ஏகாம்பரம் குரல் கம்மியிருந்தது. அவரும் கொஞ்சம் அழுதிருப்பார் என்றுதான் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

“சிரிச்சவங்க அஞ்சு நிமிஷத்துல போய் குந்திட்டாங்கய்யா! அழுதவங்க இன்னும் குழாயடில நின்னுகினு அந்தம்மா நெலமயப் பேசிகினு கீறாங்க. என் பொண்டாட்டி மத்தியானம் சோறே ஆக்கல. பேஜாரா போச்சு. அந்த இஸ்திரிக்காரன் படத்தையே போட்டுத் தொலை!”

கல்யாண நாள் வாழ்த்து

லோக்கல் சேனலில் பிறந்த நாள், கல்யாண நாளுக்கு போட்டோவோடு வாழ்த்துப் போடுவோம். ஏகாம்பரம் தம்பதிக்கு வெள்ளிவிழா கல்யாண நாள் வருகிறது என்று உமா மெதுவாக என் காதில் போட்டாள். பழைய கல்யாண போட்டோ ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். ரோஜாப்பூ பார்டர் கட்டி, பின்னால் நாதஸ்வரம் வைத்து, சாயங்காலம் படத்துக்கு இடைவேளை விடும்போதெல்லாம் போட்டேன். யார் போட்டது என்று கேட்பார், நான்தான் என்று அடக்கமாகத் தலையைக் குனிய வேண்டும். கண்ணாடி முன் நின்று குனிந்துகூடப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை லைன் செக் பண்ணுவது போல அந்த வீட்டுக்குப் போனால் உமாவின் அம்மா சரோஜாம்மா தலை நிறைய மல்லிகையோடு நிற்கிறார். “இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு மொழம் பூ வாங்கிகினு வந்ததில்ல தம்பி இந்த மனுஷன். நேத்து டி.வி.லயே போட்டு ஊருக்கே காட்டிட்டாரு பாரு!” என்று சொல்லிப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏகாம்பரம் ஈஸிசேரில் இருந்தபடி கூரையைப் பார்த்தார். கல்யாண நாளே அவருக்கு ஞாபகம் இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. என்னைக் கம்பத்தைக் காட்டுகிற சாக்கில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

“நான்தான் போடச் சொன்னேன்னு நெனச்சிகினு காலைலேர்ந்து வடையும் பாயசமுமா போட்டுகினு கீறா. நீ எதுனா வாயத் தொறந்த, உன் ஒயரயும் அறுப்பேன், ஆம்ப்பையும் கழட்டி ஏரில போடுவேன். வந்தது வந்துட்ட, ஒரு வடை துன்னுட்டுப் போ!”

போளூர் மாப்பிள்ளை

இப்படி ஒரு வடை அளவுக்கு முன்னேறியிருந்த நேரத்தில் போளூரிலிருந்து உமாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி. மாப்பிள்ளைக்கு பேங்க் வேலை. அன்று காலையில் சரோஜாம்மா போன் பண்ணி, வர்றவங்க கலகலப்பா இருக்கட்டும், அந்த இஸ்திரிப் படத்தையே போடு என்றார். போட்டேன். சரியாக அவர்கள் வந்து இறங்குகிற நேரத்தில் வைக்கோல் லாரி ஒன்று போய் அந்தத் தெரு ஒயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. டி.வி. அவுட். ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். கஜா, “நாளைக்கு ஜாயிண்ட் போட்டுக்கலாம், ஊட்ல இல்லன்னு சொல்லிடுங்கண்ணே” என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் அப்புறம் ஆயுசுக்கும் ‘அவசரத்துக்கு உதவாத பய’ என்று பேர் வாங்க வேண்டும். போனேன்.

நான் கட்டிக்க ஆசைப்பட்ட பெண்ணை இன்னொருத்தன் பார்க்க வந்திருக்கிறான், நான் டி.வி. பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒயர் சொருகிக்கொண்டிருக்கிறேன். எவனுக்கும் இந்த நிலைமை வரக்கூடாது, எதிரிக்கும் வரக்கூடாது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. படமும் வந்துவிட்டது. வந்ததே இஸ்திரி சீனில்தான் வந்தது.

அப்போதுதான் உமா காபித் தட்டோடு வருகிறாள். இந்த நாளுக்கென்று ஏகாம்பரம் தன் கையால் நெய்த புடவை. கத்திரிப்பூ உடல், கிளிப்பச்சை பார்டர். மூன்று வாரமாக யாரையும் அந்தத் தறிகிட்டேயே அவர் விடவில்லை என்று அப்புறம் சொன்னார்கள். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா, தாய்மாமன், ஒருத்தர் திரும்ப வேண்டுமே! எல்லாருக்கும் கண் டி.வி.யில். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், கை மட்டும் காபி டம்ளரைத் தேடித் தட்டில் துழாவுகிறது. உமா நின்றாள், நின்றாள், காபியில் ஆடை கட்டியது. உள்ளே போய்விட்டாள். படம் முடிந்ததும் பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஏகாம்பரம், புடவை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, இன்னும் சிரிப்பு அடங்காமல் திருப்பிக் கேட்டார்:

“எந்தப் பொடவங்க?”

நான் போன அன்று

போளூர்ச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அதற்காக என்னைக் கூப்பிட்டு மாலை போடுவார்களா? உமாதான் அம்மாவிடம் அழுது சொன்னாள். சரோஜாம்மா புருஷனைக் குடைந்து குடைந்து, “சரி, வந்து பேசட்டும், பாக்கலாம்” என்கிற வரைக்கும் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன என் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். செத்தாலும் டி.வி. பக்கம் திரும்பாதீர்கள் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். பிளக்கைப் பிடுங்கி வைக்கும்படி உமாவுக்கும் சொல்லியிருந்தேன்.

போய் உட்கார்ந்ததும் ஏகாம்பரம் தானே எழுந்து, பிளக்கைச் சொருகி, டி.வி.யைப் போட்டார். போட்டுவிட்டு டி.வி.க்கு முதுகைக் காட்டி, எங்கள் முகத்தைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். என்ன படம் போடச் சொல்லி அவரே கஜாவுக்கு போன் பண்ணியிருந்தார் என்பது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் என் அப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்குகிறாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்த நேரத்தில் உமா தட்டோடு வந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் கேட்டது. அவள் இல்லையென்றால் நான் என்ன ஆவேன் என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி,” என்றார் ஏகாம்பரம். ஒயர்காரா என்று கூப்பிடவில்லை. “இப்ப டி.வி.ல இன்னா ஓடிகினு கீது?”

வசனம் கேட்டாலாவது கண்டுபிடிக்கலாம், ஒரு சத்தமும் இல்லை. உமா வந்த நிமிஷத்திலிருந்து அங்கே டி.வி. இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. “நியூஸுங்களா?” என்றேன். என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கதவோரம் நின்ற உமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் மனைவி பக்கம் திரும்பி, சரி, தட்டு மாத்தப் புது வேட்டி எடு என்றார். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார்:

“போளூர்க்காரன் பொண்ணப் பாக்க வந்துட்டு படத்தப் பாத்தான். நீ ரெண்டு வருஷமா படம் வருதான்னு பாக்க வர, ஒரு தபாகூட நீ டி.வி. பக்கம் திரும்பி நான் பாத்ததே இல்ல. எனக்கு கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி? பொண்ண கட்டிகினு போ. ஆனா ஒண்ணு, இனிமே டி.வி. ரிப்பேருக்கு மட்டும் கஜாவ அனுப்பு!”

ஆகவே, சக மாப்பிள்ளைமார்களே, மாமனாரை அசத்த நான் மெனக்கெட்டுச் செய்த வேலை அத்தனையும் ஊற்றிக்கொண்டது, தொழிலில் நான் ஒழுங்காகச் செய்யாமல் விட்ட ஒரே வேலைதான் எனக்குப் பெண்ணை வாங்கிக் கொடுத்தது.